கை, ரேக், டிஜிட்டல் மிக்ஸர்: ஏறி இறங்கும் குரலை எதைக்கொண்டு பிடிப்பது?

மந்திர ஸ்தாயியில் மெல்லத் தொடங்கும் ஆலாபனை பத்து நிமிடத்தில் தார ஷட்ஜத்தில் போய் நிற்கும்போது, அதே மைக்கில் அதே தொண்டையிலிருந்து வரும் ஒலி இருபது டெசிபலுக்கு மேல் கூடியிருக்கும். கடைசி வரிசைக்காரருக்குத் தொடக்கம் கேட்கவே இல்லை. முதல் வரிசைக்காரருக்கு இப்போது வருவது காதைக் குத்துகிறது. இப்படி ஏறி இறங்கும் ஒலியைக் கையாள ஒரு குடும்பமே இருக்கிறது: ஏறும் ஒலியைக் குறைக்கும் கம்ப்ரஸர், ஒரு எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டர், மெல்லிய ஒலியை மூடிவிடும் கேட்.

சவுண்ட் சர்வீஸ் தொடங்கி இரண்டு வருடமான ஒரு தம்பி போன மாதம் கேட்டார்: "அண்ணே, எங்கிட்ட அனலாக் மிக்ஸர்தான் இருக்கு. கச்சேரி, பட்டிமன்றம், கல்யாண மேடைன்னு எல்லாமே வருது. வீட்டுல ஒரு ரூம்ல பாட்டும் ரெக்கார்ட் பண்றேன். ரெண்டு சேனல் ரேக் கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கிப் போட்டா போதுமா, இல்ல டிஜிட்டல் மிக்ஸருக்கே மாறிடவா?" அவருக்கு ஃபோனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. எதுவும் வாங்காமல், மிக்ஸரில் ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரில் கை வைத்து ஓட்டுவது. அதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. த்ரெஷோல்ட் (கம்ப்ரஸர் வேலையைத் தொடங்கும் எல்லை) மைனஸ் 20 டெசிபல், ரேஷியோ (எல்லை தாண்டியதை எத்தனையில் ஒரு பங்காக்குவது) 4க்கு 1 என்று வைத்திருக்கிறீர்கள். குரல் மைனஸ் 8க்கு ஏறுகிறது, அதாவது எல்லையை 12 டெசிபல் தாண்டுகிறது. கம்ப்ரஸர் அந்த 12-ஐ 3 ஆக்கி, மைனஸ் 17-இல் நிறுத்தும். 9 டெசிபல் குறைந்துவிட்டது. குறைந்ததை ஈடுகட்ட மேக்கப் கெயினை 9 கூட்டுகிறோம். உரத்த சுரம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் த்ரெஷோல்டுக்குக் கீழே இருந்தவை எல்லாம் 9 டெசிபல் மேலே வந்துவிட்டன. மெல்லிய குரல் மட்டும் மேலே வந்தால் நமக்கு லாபம்தான். அதே மைக்கில் விழுகிற ஸ்ருதிப் பெட்டி, பக்கத்து மிருதங்கம், மேடை மின்விசிறி, பாடகர் முன்னால் வைத்த மானிட்டர் ஸ்பீக்கர் எல்லாமும் அதே 9 டெசிபல் மேலே வருகின்றன.

ஆகவே எந்தப் பெட்டி என்று கேட்பதற்கு முன், அந்த மைக்கில் குரலைத் தவிர வேறு என்னென்ன விழுகிறது என்று பார்க்க வேண்டும். என் ஒப்பீடு முழுக்க இதிலிருந்துதான் கிளைக்கிறது. வாயருகே பிடித்துப் பாடும் மெல்லிசை மைக்கும், ஒரு சாண் தள்ளி நிற்கும் கச்சேரி மைக்கும் ஒரே பாடகருக்கு வைத்தவையாக இருந்தாலும், இரண்டுக்கும் ஒரே கம்ப்ரஷன் சரிப்படாது.

கையால் ஓட்டுவது

பாட்டு தெரிந்தவர் ஃபேடரில் இருந்தால், கச்சேரிக் குரலுக்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. கம்ப்ரஸர் ஒலி ஏறிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். அனுபல்லவி மேலே போகப் போகிறது என்று தெரிந்த மனிதர் அரை நொடி முன்னதாகவே இரண்டு டெசிபல் இறக்கி வைத்திருப்பார். பாடகர் தலையை இடப்பக்கம் திருப்பி வயலின்காரரைப் பார்க்கும்போது குரல் குறைவதையும் அவர் கண்ணால் பிடிப்பார். எந்தச் சர்க்யூட்டுக்கும் அந்தக் கண் கிடையாது.

இதன் எல்லையும் தெளிவானது. ஒரு விரல் ஒரு சொற்கட்டைத் தொடரலாம், ஒரு அசையைப் பிடிக்க முடியாது. திடீரென்று வெடிக்கும் ஒரு எழுத்து, மைக்கில் கை தட்டுவது, கீழே விழும் மைக் இவை எல்லாம் விரல் அசைவதற்குள் ஸ்பீக்கரைப் போய் அடித்துவிடும். ஆறு மைக், எட்டு மைக் ஆனால் கை பத்தாது. தம்பி தனியாகத்தான் போகிறார். ஒயர் இழுப்பவரும் அவரே, மிக்ஸரில் நிற்பவரும் அவரே.

ரேக் கம்ப்ரஸர்

ரேக் என்ற சட்டத்தில் ஏற்றும் தனிப்பெட்டிக் கம்ப்ரஸர்கள் எல்லாம் ஒன்றல்ல. உள்ளே ஒலியைக் குறைப்பது எது என்பதைப் பொறுத்து குணம் மாறும். இன்று டிஜிட்டல் மிக்ஸரிலும் பிளக்இன்களிலும் (ரெக்கார்டிங் மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவிகள்) இருக்கும் தேர்வுகள் பலவும் இந்தப் பழைய பெட்டிகளின் நகல்கள் என்பதால், இவற்றைத் தெரிந்துகொள்வது எந்த வழியில் போனாலும் உதவும்.

எல்ஏ-2ஏ என்ற பெட்டியை அமெரிக்காவின் பாசடீனாவில் இருந்த டெலெட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக ஜிம் லாரன்ஸ் உருவாக்கினார். 1960களின் நடுவில் வந்தது. உள்ளே ஒரு ஒளிரும் தகடும், ஒளி பட்டால் மின்தடை மாறும் ஒரு பொருளும் எதிரெதிரே இருக்கும். குரல் ஏறினால் தகடு பிரகாசமாகும், ஒலி குறையும். முக்கியமான குமிழ்கள் இரண்டே. எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது ஒன்று, எவ்வளவு தூக்க வேண்டும் என்பது இன்னொன்று. அட்டாக், அதாவது ஒலி ஏறியதும் பிடிக்க எடுக்கும் நேரம், சுமார் 10 மில்லி விநாடி. அதன் அழகு முழுவதும் ரிலீஸில், அதாவது பிடித்ததை விட எடுக்கும் நேரத்தில், இருக்கிறது. குறைத்ததில் பாதியைச் சுமார் 60 மில்லி விநாடியில் விட்டுவிடும், மிச்சத்தை அரை விநாடியிலிருந்து 5 விநாடி வரை எடுத்துக்கொண்டு மெதுவாக விடும். எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழமாக அழுத்தப்பட்டதோ அவ்வளவு தாமதமாகும்.

கர்நாடக இசைக் குரலுக்கு இது வரமும் உண்டு, தொல்லையும் உண்டு. மெதுவாக விடுவதால் சொற்களுக்கு நடுவே ஸ்ருதி பொங்கி எழாது. ஆலாபனையில் கம்ப்ரஸர் இருப்பதே தெரியாது. ஆனால் தார ஸ்தாயியில் எட்டு விநாடி கார்வை நின்றுவிட்டு, உடனே மத்திய ஸ்தாயிக்கு மெல்லிய பிருகாவாக இறங்கினால், அந்தப் பிருகாவின் முதல் பகுதி இன்னும் அழுத்தத்திலிருந்து வெளிவராத பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். நுணுக்கம் எல்லாம் இருக்கிற இடத்திலேயே ஒலி குறைந்து போகும்.

1176 என்ற பெட்டி இதற்கு நேர் எதிர்த் துருவம். பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்தது. ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டரை மாறும் மின்தடையாகப் பயன்படுத்துகிறது. அட்டாக் 20 மைக்ரோ விநாடியிலிருந்து 800 மைக்ரோ விநாடி வரை. இந்த எண்களை நின்று கவனியுங்கள். அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லி விநாடிக்குள் வந்துவிடுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் சாப்பு, அடித்த கணத்தின் கூர்மையால்தான் சாப்பாக இருக்கிறது. 1176-ஐ எப்படித் திருப்பினாலும் அந்தக் கூர்மையைத்தான் முதலில் பிடிக்கும். குமிழ்களும் வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பத் திருப்ப வேகம் கூடும். புதிதாகத் தொடுபவர்கள் பலரும் மெதுவாக்குவதாக நினைத்து வேகமாக்கி விடுகிறார்கள். வாயருகே மைக் பிடித்துப் பாடும் சினிமாப் பாட்டுக் குரலை முன்னால் கொண்டுவந்து நிறுத்த இதற்கு நிகரில்லை. ஆனால் 50 மில்லி விநாடி ரிலீஸில், ஸ்ருதிப் பெட்டி விழும் கச்சேரி மைக்கில் இதைப் போட்டால், பாடகர் மூச்சு எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்ருதி அலைபோல எழும்பி இறங்கும்.

மூன்றாவது வகை விசிஏ. மின்னழுத்தத்தால் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட். டேவிட் பிளாக்மர் 1971-இல் தொடங்கிய டிபிஎக்ஸ் இந்த வகைக்குப் பெயர் பெற்றது. நம் ஊர்க் கடைகளில் கையடக்க விலைக்குக் கிடைக்கும் இரண்டு சேனல், நான்கு சேனல் பெட்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். அட்டாக், ரிலீஸ், ரேஷியோ எல்லாவற்றையும் நாமே வைக்கலாம். மிருதங்கத்துக்கு அட்டாக்கை 25, 30 மில்லி விநாடிக்குத் தள்ளிவைத்தால் சாப்பு முழுதாக வெளியே போன பிறகுதான் நாதத்தின் வாலைப் பிடிக்கும். தனக்கென்று பெரிய நிறம் கிடையாது என்று இதைக் குறைசொல்வார்கள். மேடையில் அதையே நான் நிறையாகக் கொள்கிறேன்.

மேடையில் ஒரு டெசிபலின் விலை

ஒலிப்பதிவில் தாராளமாகச் செய்யும் கம்ப்ரஷன் மேடையில் ஏன் வினையாகிறது என்பதை நான் ஒரு கோயில் திருவிழாவில் கற்றுக்கொண்டேன். குரல் எடுப்பாக வரவேண்டும் என்று 6க்கு 1 ரேஷியோ வைத்து, 8 டெசிபல் மேக்கப் கொடுத்திருந்தேன். பாடிக்கொண்டிருக்கும்வரை பிரமாதமாக இருந்தது. பல்லவி முடிந்து பாடகர் வயலினுக்கு இடம் விட்ட கணத்தில் மைக் கூவத் தொடங்கியது. ஃபேடரை இழுத்தேன், நின்றது. அவர் மறுபடி பாடி நிறுத்தியபோது மறுபடி கூவியது. வயலின்காரர் வில்லை எடுத்துவிட்டு என் பக்கம் பார்த்தார். அந்தப் பிழை என்னுடையது, இன்றும் அந்த முகம் நினைவில் இருக்கிறது.

நடந்தது இதுதான். பாடும்போது கம்ப்ரஸர் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறது, ஆகவே கூவாது. பாடுவது நின்றதும் குறைப்பு நீங்கி, மேக்கப்பில் கொடுத்த 8 டெசிபலும் முழுதாக மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சுற்றத் தொடங்குகிறது. சவுண்ட் செக்கில் கூவும் எல்லைக்கு 6 டெசிபல் கீழே பாதுகாப்பாக இருந்தேன் என்றால், நானே அந்த எல்லையை 2 டெசிபல் தாண்டிவிட்டேன். மேடையில் கொடுக்கும் ஒவ்வொரு மேக்கப் டெசிபலும் இந்தப் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான்.

இதனோடு சேர்ந்த இன்னொரு தொல்லை, மானிட்டர். பெரும்பாலான அனலாக் மிக்ஸர்களில் இன்சர்ட்டில் (சேனலுக்கு நடுவே வெளிப்பெட்டியை இணைக்கும் துளை) கம்ப்ரஸரைச் செருகினால், மானிட்டருக்குப் போகும் ஒலியும் கம்ப்ரஸர் வழியாகவே போகும். பாடகர் குரலை ஏற்றுகிறார், மானிட்டரில் ஏறவில்லை. இன்னும் அழுத்துகிறார், கம்ப்ரஸர் இன்னும் இறக்குகிறது. அரை மணியில் தொண்டை கட்டிவிடும். அந்த மைக்கை இரண்டு சேனலுக்குப் பிரித்து, சபைக்குப் போவதில் மட்டும் கம்ப்ரஸர் போட்டு, மானிட்டருக்குப் போவதைச் சுத்தமாக விடவேண்டும். இதற்காகவே ஒரு சேனல் போகும். தம்பியின் சின்ன மிக்ஸரில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிஜிட்டல் மிக்ஸர்

2012-இல் பெரிங்கர் எக்ஸ்32 என்ற டிஜிட்டல் மிக்ஸர் வந்தபோது, சேனலுக்கு ஒரு கேட், ஒரு கம்ப்ரஸர் என்பது சிறிய சர்வீஸ்காரர்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. அனலாக் மிக்ஸரில் 16 சேனலுக்கு அத்தனையும் வேண்டுமானால் பெட்டிகள் நிறைந்த ரேக் ஒன்றை வண்டியில் ஏற்ற வேண்டும். இன்று அந்த ரேக் ஒரு திரைக்குள் இருக்கிறது. வெளியேறும் ஒவ்வொரு வழிக்கும் லிமிட்டர் வைக்கலாம். ஒரு சபாவில் சரிசெய்து வைத்ததைச் சேமித்து, அடுத்த வருடம் அதே சபாவில் திறக்கலாம். மானிட்டருக்குப் போகும் ஒலியைக் கம்ப்ரஸருக்கு முன்பிருந்தே எடுக்கும் வசதி பல மாடல்களில் உண்டு. வாங்குமுன் கடையிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தம்பியின் வேலையில் பட்டிமன்றமும் வருகிறது என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நடுவரும் பேச்சாளர்களுமாக எட்டு மைக் என்று வையுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் கூவும் எல்லை 3 டெசிபல் நெருங்கி வரும். ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகும்போது 9 டெசிபல் போய்விட்டது. பேசாத மைக்கை மூட வேண்டும் என்று எல்லோரும் முதலில் கேட்டைத்தான் போடுவார்கள். தமிழ்ப் பேச்சுக்குக் கேட் பொருந்தாததற்கு நம் மொழியிலேயே காரணம் இருக்கிறது. நம் வாக்கியத்தின் வினை கடைசியில் வரும். மூச்சு தீரும் இடத்தில், குரல் தாழும் இடத்தில்தான் "வரவில்லை" என்பதன் "இல்லை" இருக்கிறது. த்ரெஷோல்ட் சற்றே கூடினால் கேட் அதை விழுங்கிவிடும். பேச்சாளர் மறுத்துச் சொன்ன இடத்தில் சபைக்கு மறுப்பு கேட்காது.

இதற்குச் சரியான விடை ஆட்டோமிக்ஸர். டான் டூகன் 1970களில் வடிவமைத்த முறையில், எத்தனை மைக் இருந்தாலும் மொத்தப் பெருக்கம் ஒரு மைக் அளவுக்கே இருக்கும். யார் பேசுகிறாரோ அவருக்கு அதிகப் பங்கு போகும், பேசாதவர்களின் மைக் மூடிக்கொள்ளாமல் தாழ்ந்து மட்டும் இருக்கும். வாக்கியத்தின் வால் அறுபடாது. எக்ஸ்32-இன் பிற்கால மென்பொருளிலும், யமஹாவின் கியூஎல் போன்ற மிக்ஸர்களிலும் ஆட்டோமிக்ஸ் உண்டு. பட்டிமன்றம் வருமானத்தில் பெரும்பங்கு என்றால், இது ஒன்றுக்காகவே டிஜிட்டலுக்கு மாறலாம்.

கேட்டையும் முற்றாக ஒதுக்கச் சொல்லவில்லை. மெல்லிசைக் குழுவின் டிரம்ஸில் கிக்குக்கும் டாம்களுக்கும் அது வேண்டும். அங்கேயும் முழுதாக மூடாமல் 10, 12 டெசிபல் மட்டும் தாழ்த்தும்படி ரேஞ்சை வைத்தால் தப்பு நேர்ந்தாலும் காதுக்குத் தெரியாது. முகர்சிங், கஞ்சிரா மைக்குகளில் கேட் வேண்டவே வேண்டாம். நாகஸ்வரம், தவிலுக்குக் கம்ப்ரஸர்கூட வேண்டாம், ஸ்பீக்கரைக் காக்கும் லிமிட்டர் போதும்.

எல்லாச் சேனலிலும் கம்ப்ரஸர் சும்மா கிடைக்கிறது என்பதே டிஜிட்டல் மிக்ஸரின் ஆபத்து. பெயரைப் பார்த்து, முன்பே எழுதி வைத்த அமைப்பான பிரீசெட்டை ஏற்றிவிடுகிறார்கள். பிரீசெட் எழுதியவருக்கு உங்கள் குரலின் அளவு தெரியாது, ஆகவே அவர் வைத்த த்ரெஷோல்டுக்கு அர்த்தமே இல்லை. தம்புராவுக்குக்கூடக் கம்ப்ரஸர் போட்டிருந்த ஒரு மிக்ஸரை நான் பார்த்திருக்கிறேன். ஒலி அளவு மாறாமல் மீட்டப்படுவதற்கென்றே இருக்கும் வாத்தியம் அது.

லிமிட்டர் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. கல்யாண மேடையில் மைக் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. உச்சத்தைப் பிடிக்கும் வேகமான லிமிட்டர் ஸ்பீக்கர் கோனைக் காக்கும், சராசரி அளவைப் பார்க்கும் மெதுவான லிமிட்டர் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் சூடேறாமல் காக்கும். இரண்டும் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு சுற்றுப்புற வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக்கூடாது என்கின்றன. இரண்டில் எது குறைவோ அது. இதைக் கடைப்பிடிக்கவும் லிமிட்டர் உதவும். ஊர்ப் பெரியவர் வந்து "சத்தத்தக் கூட்டுப்பா" என்றாலும் அந்தக் கோடு நகராது.

வீட்டு அறையில் ஒலிப்பதிவு

இங்கே மேடையின் கட்டுப்பாடுகள் எதுவும் இல்லை. கூவுவதற்கு ஸ்பீக்கர் இல்லை, அவசரமும் இல்லை. டேப்பில் பதிந்த காலத்தில் உள்ளே போகும்போதே கம்ப்ரஸ் செய்யக் காரணம் இருந்தது. மெல்லிய பகுதி டேப்பின் இரைச்சலில் மூழ்கும், உரத்த பகுதி டேப்பை நிரப்பி உடையும். 24 பிட் டிஜிட்டல் பதிவில் அந்த நெருக்கடி போய்விட்டது. கணக்குப்படி 144 டெசிபல் இடம் இருக்கிறது. உச்சம் மைனஸ் 12-இல் நிற்கும்படி பதிந்தாலும் எதையும் இழக்க மாட்டீர்கள். உங்கள் அறையின் இரைச்சல் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கும். ஆகவே ஒலிப்பதிவுக்காக ரேக் கம்ப்ரஸர் வாங்குவது என் பார்வையில் வீண் செலவு. உள்ளே போகும்போது அழுத்தியதைப் பிறகு திரும்ப எடுக்க முடியாது. ரெக்கார்டிங் மென்பொருளோடு வரும் கம்ப்ரஸரே போதும். மிச்சப் பணத்தை அறையின் எதிரொலியைக் குறைக்கக் கனமான திரைக்கும், பஞ்சுப் பலகைக்கும் போடுங்கள்.

பதிந்த குரலில் முதலில் கையால் வரிவரியாக அளவைச் சமன்செய்யுங்கள். அதன்பிறகு வேகமான வகை ஒன்றில் உச்சங்களை மட்டும் 2, 3 டெசிபல் தட்டி, அடுத்து மெதுவான வகை ஒன்றில் இன்னும் 3 டெசிபல். ஒரே கம்ப்ரஸரிடம் 6 டெசிபலையும் கேட்பதைவிட இது இயல்பாக இருக்கும். கம்ப்ரஷன் கூடினால் சகரம் சீறும், அந்தச் சீறலை மட்டும் குறைக்கும் டீ-எஸ்ஸர் ஒன்று தேவைப்படும். வடசொல் ஸகரம் நிறைந்த கிருதிகளில் இது இன்னும் அதிகம். கடைசியில் முழுப் பாட்டையும் லிமிட்டரில் நசுக்கி உரப்பாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (பாட்டின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நசுக்கிய பாட்டு இறக்கப்படும், நசுங்கியது மட்டும் மிஞ்சும்.

தம்பிக்குச் சொன்னது

டிஜிட்டல் மிக்ஸருக்கு மாறுங்கள் என்றுதான் சொன்னேன். ஆட்டோமிக்ஸும் வெளிவழி லிமிட்டரும் இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். மேடை முழுக்க ஒரே பேச்சாளர், ஒரே அறிவிப்பாளர் என்றால் பழைய மிக்ஸரோடு ஒரு விசிஏ ரேக் போதும், ஆனால் அவருக்கு வரும் வேலை அப்படிப்பட்டதல்ல.

கச்சேரிக் குரலுக்கு 2க்கு 1 ரேஷியோ, அட்டாக் 20 மில்லி விநாடி, ரிலீஸ் 300 மில்லி விநாடியிலிருந்து தொடக்கம், உச்ச ஸ்தாயியில் மட்டும் 3 அல்லது 4 டெசிபல் குறைப்பு, மேக்கப் சுழியம். மிச்சம் ஃபேடரில் விரல். மெல்லிசைக் குரலுக்கு 4க்கு 1 வரை போகலாம், 6 டெசிபல் வரை குறைக்கலாம், மைக் வாயருகே இருப்பதால் தாங்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையும் சொன்னேன். கடைக்கு ஸ்ருதிப் பெட்டியைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். மைக்கிலிருந்து இரண்டு அடி தள்ளி அதை ஓடவிட்டு, ஒரு வரி பாடி நிறுத்தி, மறுபடி ஒரு வரி பாடி நிறுத்த வேண்டும். 6 டெசிபல் குறைத்து, 6 டெசிபல் மேக்கப் கொடுத்து, ஹெட்ஃபோனில் நிறுத்திய இடங்களை மட்டும் கேட்க வேண்டும். ரிலீஸைத் திருப்பத் திருப்ப ஸ்ருதி எங்கே பொங்குகிறது, எங்கே அடங்கி நிற்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.